என் முன்னிலையில்

நோட்டரி என்றால் என்ன வேலை என்று எங்கள் தெருவில் ஒழுங்காகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சீல் சார், இன்னொருத்தி அவர் மனைவி டைப்பம்மா. மற்ற எல்லோருக்கும் அது ஒரு சீல், அவ்வளவுதான். அதை ஒரு தாளில் குத்திவிட்டால் தாளில் இருப்பதெல்லாம் உண்மையாகிவிடும் என்று நினைத்தார்கள். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று எழுதிக்கொண்டு ஒரு பெயிண்டர் மாதம் தவறாமல் மனைவியோடு வருவார். பக்கத்து வீட்டு நாய் தூங்க விடாமல் குரைக்கிறது என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்த ஆளும் உண்டு. "நாயும் வந்திருக்கா?" என்று சீல் சார் முகம் மாறாமல் கேட்டாராம்.

"எழுதியிருக்கறது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாதுங்க. இன்னிக்கு இவரு என் முன்னாடி வந்தாரு, இன்னார்தான்னு பாத்துக்கிட்டேன், படிச்சுக் காட்டினேன், புரிஞ்சுதுன்னு சொன்னாரு, என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போட்டாரு. அதுக்குத்தான் நான் பொறுப்பு." இந்தப் பாடத்தை அவர் நடத்தாத நாள் கிடையாது. கேட்பவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, "சரி சார், சீலை மட்டும் கொஞ்சம் அழுத்திக் குத்துங்க" என்பார்கள்.

அந்தச் சீல் சும்மா வந்துவிடவில்லை. சீல் சார் பதினான்கு வருஷம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு நின்றவர். நின்றவர் என்றுதான் சொல்ல வேண்டும், வாதாடினார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எதிர்த்தரப்பு சாட்சி கண்ணைக் கசக்கினால் போதும், "வேற கேள்வி இல்லைங்க ஐயா" என்று உட்கார்ந்துவிடுவார். ஒருவரை முகத்துக்கு நேராகப் பார்த்து உறைப்பாக ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வராது. பத்து வருஷம் வக்கீலாக இருந்தவர் நோட்டரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கண்டுபிடித்து வந்தவள் டைப்பம்மாதான். நீதிபதி ஒருவரும் ஊரில் மதிப்பான நான்கு பேரும் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும் என்று அறிவிப்பு ஒட்டுவார்கள், அப்புறம் நேர்காணல். ஒன்றரை வருஷம் இழுத்தடித்தார்கள். வெற்றுத்தாளில் முன்கூட்டியே சீல் குத்தலாமா? கூடாது. சொந்த பந்தத்தின் பத்திரத்தில் போடலாமா? கூடாது. ஆளைப் பார்க்காமல் போடலாமா? தலையே போனாலும் கூடாது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லித்தான் சீலை வாங்கினார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். நான்கு முறை புதுப்பித்தாகிவிட்டது, அடுத்தது இன்னும் நான்கு மாதத்தில் வரவிருந்தது.

வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு, கட்டண விவரம் எழுதிய பலகை, மூலையில் டைப்பம்மாவின் கம்ப்யூட்டர். பழைய டைப்ரைட்டர் போய் வருஷக்கணக்காகியும் பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. பதிவேடு எழுதுவதும் அவள்தான். யார் வந்தார், என்ன பத்திரம், எந்த அட்டையைக் காட்டினார், யார் அடையாளம் சொன்னார், கையெழுத்தா கைநாட்டா என்று அச்சடித்த மாதிரி எழுதுவாள். வந்தவரும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஆறு பெரிய பதிவேடுகள் பீரோவில் வரிசையாக நின்றன, ஏழாவது மேஜைமேல் இருந்தது.

ஒன்பது நாளாக விடாத மழை. அப்படி ஒரு காலையில்தான் மெத்தைக்காரம்மா வந்தாள்.

அவளை எல்லோருக்கும் தெரியும். பின்தெருவில் அவளுக்குச் சொந்தமாக இரண்டு அறை வீடு. பின்னறையில் பஞ்சு மூட்டை, முன்னறையில் தையல். புருஷன் போனபிறகு ஊசியை வைத்தே மகளை வளர்த்து, கட்டிக்கொடுத்து, மருமகனையும் வீட்டோடு வைத்துக்கொண்டவள். தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். அன்றைக்கு மழையில் நனைந்து அதுவும் இல்லை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, பாலிதீன் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், இந்தச் சீல் உங்களுதுதானே?"

சீல் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னுதுதாம்மா. பவர் பத்திரம். வீட்டை விக்க அதிகாரம் குடுத்து எழுதினது. எதுக்குக் கேக்கறீங்க?"

"யாரு எழுதிக் குடுத்ததுன்னு படிங்க சார்."

அவர் படித்தார். ஒரு பெண்ணின் பெயர், அவள் அப்பாவின் பெயர், பின்தெருக் கதவு எண்.

"அது நான்தான் சார். நான் என்னைக்கு உங்ககிட்ட வந்தேன்?"

சீல் சாருக்கு உடனே பிடிபடவில்லை. "நீங்க வரலம்மா. உடம்பு சரியில்லாம படுத்திருந்தீங்க. நான்தான் உங்க வீட்டுக்கு வந்தேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

"நான் படுக்கவே இல்லை சார். புது ஆஸ்பத்திரிக்கு நூத்தியிருபது மெத்தைன்னு சொல்லி, மூணு வாரம் அங்கேயே தங்கி தச்சுக்கிட்டு இருந்தேன். தினம் அங்க ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ளயே விடுவாங்க. திரும்பி வந்தா மகளும் மருமகனும் தனியா வீடு பாத்துப் போயாச்சு. அவருக்கு வேலைக்குப் பக்கம்னு சொன்னாங்க, சரின்னுட்டேன். போன வாரம் சிமெண்ட் கடைக்காரரு வந்து நிக்கறாரு. வீடு என்னுது, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்கங்கறாரு. எப்படிங்கன்னா இந்தத் தாளை நீட்டறாரு."

அவள் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். தினசரித்தாளின் ஓரத்தில் தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்தின் கீழே ஒரு சின்னக் கோடும் இழுத்தாள்.

"எட்டாவது வரைக்கும் படிச்சவ சார் நான். பில்லு எழுதறது நான், அளவு எழுதறது நான். நான் எதுக்குக் கைநாட்டு வெக்கணும்?"

அந்தக் கட்டை விரலைச் சீல் சார் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் காய்ப்புக் காய்த்து, நுனியில் குறுக்கும் நெடுக்குமாக வெடித்த விரல். அவர் மை தடவி எடுத்த விரல் அது கிடையாது. அன்றைய விரல் மெத்தென்று இருந்தது. இப்போது நன்றாக ஞாபகம் வந்தது, வந்து என்ன செய்ய?

நடந்தது இதுதான். நாற்பது நாள் முன்பு மருமகன் வந்து, மாமியார் தன் பேருக்குப் பவர் எழுதித் தருகிறார், அவரால் எழுந்திருக்க முடியவில்லை, வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டான். முடியாதவர்களுக்கு வீட்டுக்குப் போய்ச் செய்து கொடுக்கலாம், அதில் தப்பில்லை. பதிவேட்டையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். பின்னறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலில் ஒரு பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு, தலையோடு போர்த்திப் படுத்திருந்தாள். விடாமல் இருமல். பக்கத்தில் மகள், வாயும் வயிறுமாக, ஏழு மாதம் இருக்கும். சீல் சார் கையில் அடையாள அட்டை இருந்தது. அதில் இருக்கும் முகத்தைப் படுத்திருக்கும் முகத்தோடு ஒப்பிட வேண்டும். "அம்மா, கொஞ்சம் இப்படித் திரும்பறீங்களா?" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது மகள் சொன்னாள்: "மேல சரியா துணி இல்லாம படுத்திருக்காங்க சார். மருந்து தடவியிருக்கு. போர்வையை எடுக்க முடியாது."

அவ்வளவுதான், மனிதருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. சட்டென்று திரும்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பத்திரம் முழுவதையும் அந்தக் காலண்டருக்கே படித்துக் காட்டினார். "புரிஞ்சுதாம்மா?" என்றதற்குப் போர்வைக்குள்ளிருந்து "ம்" என்று வந்தது. கையெழுத்து வேண்டுமே என்றார். கை நடுங்குகிறது, கைநாட்டுதான் முடியும் என்றாள் மகள். ஒரு கை வெளியே வந்தது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே மை தடவி எடுத்தார். "இவர் என் தாயார்தான்" என்று மகள் பதிவேட்டில் அடையாளக் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழேயும் பத்திரத்திலும் சீல் சார், "நேரில் கண்டேன்" என்று எழுதினார். நாய் கேஸுக்கு நாயைக் கேட்ட மனிதர், ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கச் சொல்லக் கூச்சப்பட்டார். இந்தக் கூச்சத்தை எந்தப் புத்தகத்திலும் தப்பு என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள், இப்படி ஒருத்தன் செய்வான் என்று எழுதினவனுக்குத் தோன்றியிருக்காது.

"எல்லாம் அந்தப் படுபாவி பண்ணினது சார்" என்று மெத்தைக்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "அவன் பெரியம்மாவைத்தான் படுக்க வெச்சு நாடகம் ஆடியிருக்கணும். என் பொண்ணு வாயில்லாப் பூச்சி. போன் பண்ணினேன், எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மான்னு ஒரே அழுகை. தெரிஞ்சிருந்தா எந்த நேரமானாலும் ஓடி வந்து சொல்லியிருப்பா. நெறமாசம் வேற. அவகிட்ட இதைப் பத்தி ரொம்பப் பேசவும் பயமா இருக்கு."

பதிவேடு மேஜைமேல்தான் இருந்தது. நான்கு பக்கம் புரட்டினால் மகளின் கையெழுத்து. மெத்தைக்காரம்மா கொண்டுவந்த ஜெராக்ஸில் அது இல்லை, சீல் இருக்கும் கடைசிப் பக்கம் மட்டும்தான் இருந்தது. சீல் சார் கை பதிவேட்டின்மேல் இருந்தது. அதைத் திறக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். இந்தம்மா என் முன்னாடி கை வெக்கலைன்னு. பதிவாளர் ஆபீஸ்ல விசாரணைக்கு மனு குடுத்திருக்கேன். அது பொய்னு ஆகிட்டா வித்ததும் செல்லாதாம். எனக்கு இருக்கறது அந்த ரெண்டு ரூம்தான் சார். பஞ்சை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? பஞ்சுத் தூசிக்கு எவன் வாடகைக்குக் குடுப்பான்?"

"சொல்றேம்மா" என்றார் சீல் சார்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மூலையில் இருந்து டைப்பம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சோறு போடும்வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. தட்டில் முட்டையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்ததைத்தான்."

"முகத்தைப் பாக்கலைன்னா?"

"பாக்கலையே."

"அன்னிக்கே சீலைப் புடுங்கிடுவாங்க. தெரியும்ல? ஏழு பதிவேடு. பதினோராயிரத்துக்கு மேல நம்பர் இருக்கு. இந்த ஆள் ஒருத்தர் மூஞ்சியப் பாக்காம போட்டிருக்கான், மத்ததுல பாத்தான்னு என்ன நிச்சயம்னு எவன் வேணா கேப்பான். நாளைக்கு நாம தெருவுல தலைகாட்ட முடியாது."

"தெரியும்."

"நான் பொய் சொல்லச் சொல்லலைங்க. ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. வாரத்துக்குப் பத்துப் பேரு வர்றான். நாற்பது நாள் முன்னாடி வந்தவங்க மூஞ்சி யாருக்கு ஞாபகம் இருக்கும்? அது போதுமே. அந்தம்மா ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரை வெச்சு ஜெயிச்சுக்குவா."

"ஞாபகம் இல்லைன்னா பத்திரம் செல்லும்னுதான் அர்த்தம். நேர்ல கண்டேன்னு எழுதியிருக்கேன். அந்த மூணு வார்த்தை, சரி, ரெண்டு வார்த்தை, அதுதான் இப்ப அந்தம்மாவை வெளிய தள்ளுது. ஜெயிக்கறதா இருந்தா நான் சொன்னாத்தான் உண்டு."

டைப்பம்மா சோற்றுப் பானையை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்: "மக கையெழுத்தைக் காட்டினீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"அந்தம்மா மூஞ்சியப் பாத்தா சொல்ல வாய் வரலை."

"பாக்க வேண்டிய எடத்துல மூஞ்சியப் பாக்கலை. பாக்கக் கூடாத எடத்துல பாத்து வாயை மூடிக்கிட்டீங்க." அவள் எழுந்து கையைக் கழுவினாள். "விசாரணைக்கு முன்னாடி சொல்லிடுங்க. அங்க எப்படியும் பதிவேட்டைக் கேப்பாங்க. நாலு பேர் நடுவுல அதைக் கேக்கற மாதிரி வெக்காதீங்க. பாவம்."

அன்று மத்தியானமே அவர் சொல்லச் சொல்ல வாக்குமூலத்தை டைப் பண்ணினாள். கீகளை அவள் தட்டிய தட்டு எதிர்வீடுவரை கேட்டது. தப்பில்லாமல்தான் அடித்தாள். பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போது மட்டும், "இருபத்தஞ்சு வருஷம்ங்க" என்றாள். அவர் தாளை வாங்கி மடித்து வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் மழை சற்று விட்டிருந்தது. சீல் சார் பின்தெருவுக்குப் போனார். போகும் வழியெல்லாம் வாக்கியத்தைக் கட்டி வைத்துக்கொண்டார். அம்மா, ஒரு விஷயம், மனசைத் திடப்படுத்திக்கோங்க, பதிவேட்டுல உங்க மக கையெழுத்து இருக்கு. இவ்வளவுதான், மூச்சுப் பிடித்தால் சொல்லிவிடலாம்.

மெத்தைக்காரம்மா முன்னறையில் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். ஈரக்காற்றுக்குப் பஞ்சு கட்டிகட்டியாகிவிடும் என்று ஒரு இரும்புச்சட்டியில் கரி போட்டு அறையைக் காயவைத்திருந்தாள். பிரித்த பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாக உறைக்குள் தள்ளி, மூலைக்கு விரலால் குத்திக் குத்தி அடைத்தாள். பிறகு நீள ஊசியை ஒருபக்கம் குத்தி மறுபக்கம் இழுத்து முடிச்சுப் போட்டாள். ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் எழும்பி இறங்கியது. மெத்தை ஒரு முழ அகலம்தான் இருந்தது.

"வாங்க சார், உக்காருங்க. தும்மல் வந்தா கோவிச்சுக்காதீங்க. டீ போடறேன்."

"வேண்டாம்மா. என்ன இது இவ்வளவு சின்னதா?"

"பேரப்பிள்ளைக்கு சார். மருமகன் மேல இருக்கற கோவம் அவன்கிட்ட. பொறக்கப் போறது என்ன பண்ணுச்சு? பழைய பஞ்சு ஒரு இழைகூட வெக்கலை. என் பொண்ணைப் போட்டு வளத்தது ஊருக்கு அடிச்சது போக மிச்சம் இருந்த பஞ்சுல. அவ முதுகெல்லாம் கொட்டையா உறுத்தும். ஒரு நாள் அழுததில்லை. என்னங்கறீங்க, அப்பவே அப்படி ஒரு அமைதி."

அவள் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். நீர்த்த டீ, ஏகத்துக்கு இனிப்பு. சீல் சார் ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"ஒரு விஷயம் சொல்லணும்மா."

"சொல்லுங்க சார்."

அவள் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கரியின் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அவர் சட்டென்று டம்ளரைப் பார்த்தார்.

"நாளன்னிக்கு விசாரணை. முகத்தைப் பாக்காமத்தான் போட்டேன்னு நானே எழுதிக் குடுத்துடறேன். வாக்குமூலம் டைப் பண்ணியாச்சு."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே சார்?"

"ஆனா ஆகட்டும்மா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றாள். சீல் சார் எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் டைப்பம்மா, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று அவள் தோண்டிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவள் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

விசாரணை அலுவலகம் இரண்டாவது மாடியில். படியெல்லாம் ஈரச் செருப்புச் சேறு. அறையில் ஒரு பெரிய மேஜை, கோப்புகள், சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. விசாரணை அதிகாரி சளி பிடித்த மனிதர், ஒவ்வொரு வரிக்கும் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மருமகன் வரவில்லை, உடம்பு முடியவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டான். மகள் வந்திருந்தாள். பெஞ்சின் கோடியில் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். தாயைக் கண்டதும் அழ ஆரம்பித்தாள்.

"நீ ஏண்டி இந்த மழையில வந்தே? அவன் அனுப்பிச்சானா?" என்று மெத்தைக்காரம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் ஈரக்காலைத் துடைத்துவிட்டாள். "உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பேசாம இரு."

முதலில் மெத்தைக்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரின் நகலைக் கொடுத்தாள், தன் மனுவில் இருந்த கையெழுத்தைக் காட்டினாள். எதற்கும் தடுமாறவில்லை. அதிகாரிக்கே அவள் பேச்சு பிடித்துவிட்டது. பிறகு சீல் சார் எழுந்தார். டைப்பம்மா பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அறை இருட்டு, போர்வை, தன் கூச்சம், காலண்டர். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"திரும்புங்கம்மான்னு ஒரு வார்த்தை கேக்க முடியலையா சார் உங்களால?"

"முடியலைங்க."

"இது என்னவாகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்ங்க."

"சரி. முகத்தைப் பாக்கலை. அப்ப எதை நம்பிப் போட்டீங்க? அடையாளம் சொன்னது யாரு?"

சீல் சார் வாய் திறந்து மூடியது. மெத்தைக்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், மருமகன் பெயரை அவர் சொல்லப் போகிறார் என்று. அவள் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. டைப்பம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது, மனுஷன் அன்றைக்குப் போய் டீ மட்டும் குடித்துவிட்டு, சொல்லாமலே வந்திருக்கிறார் என்று.

"சார், உங்களைத்தான். யாரு?"

"அவங்க மக."

"யாரு?" என்றது மெத்தைக்காரம்மாதான்.

அதிகாரி கையை நீட்டினார். டைப்பம்மா பதிவேட்டைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் பக்கத்தைப் புரட்டி, "இவர் என் தாயார்தான், எனக்கு நன்றாகத் தெரியும்" என்று சத்தமாக வாசித்தார். கீழே இருந்த பெயரையும் வாசித்தார். பிறகு பெஞ்சின் கோடியைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

மகள் நிமிரவில்லை. அழுகை மட்டும் நின்றுவிட்டது.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் அதிகாரி மெத்தைக்காரம்மாவிடம். அவர் குரலில் கடுமை இல்லை. "உங்க வீடு உங்களுக்கு வந்துடும். நோட்டரியே ஒத்துக்கிட்டாரு. ஆனா இது வெறும் பத்திர விவகாரம் இல்லை. ஆள் மாறாட்டம். நான் போலீஸுக்கு எழுதித்தான் ஆகணும். உங்க மருமகன் பவர் வாங்கி வித்தவர்தான், ஆனா இந்த ஆள் மாறாட்டத்துல அவர் கையெழுத்து எங்கயும் இல்லை. இருக்கறது உங்க மக பேரு. முதல் பேரா அதுதான் போகும்."

"அதைக் கொஞ்சம் பாக்கலாமாங்க?" என்றாள் அவள்.

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் குனிந்து பார்த்தாள். மகளின் பெயர், கடைசி எழுத்தின் கீழே ஒரு சின்னக் கோடு. அதை அவளே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். ரொம்பநேரம் பார்த்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது, ஜன்னலைச் சாத்த ஒரு ஊழியர் எழுந்து போனார்.

"ஐயா, இந்தக் கைநாட்டு என்னுதுதாங்க."

அதிகாரி மூக்கைத் துடைத்த கைக்குட்டையோடு அப்படியே இருந்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"நான்தான் வெச்சேன். படுத்திருந்தது நான்தான்."

"ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டிருக்கீங்களே அன்னிக்கு?"

"கூட வேலை செய்யறவங்க போட்டுவிட்டாங்க. நான் ஒரு நாள் வந்துட்டுப் போனேன்."

"மனுவுல இருக்கற கையெழுத்து?"

"அதுவும் வேற ஆள் போட்டது. எனக்குக் கையெழுத்து வராதுங்க."

"அம்மா, வேண்டாம்மா" என்றார் சீல் சார். வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவர் ஒருவரைக் குறுக்கே பேசி நிறுத்தப் பார்த்தார். "நான் சொன்னதுதான் நெசம்ங்க ஐயா. இவங்க எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. என் மேஜையில போட்டுக் காட்டினாங்க."

"சாருக்கு வயசாயிடுச்சுங்க" என்றாள் மெத்தைக்காரம்மா. "யாரோடயோ சேத்துக் கொழப்பிக்கறாரு."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "பொய்ப் புகார்னு எழுதினா உங்க மேலயே நடவடிக்கை வரும். வீடும் போயிடும். தெரியுமா?"

"பொய்ப் புகார்தாங்க. எழுதிக்கோங்க."

பெஞ்சின் கோடியிலிருந்து, "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுதினார்கள். மனுவைத் திரும்பப் பெறுவதாக அரைப்பக்கம். எழுதும்போதே அதிகாரி சீல் சாரிடம், "உங்க விஷயம் தனி. நீங்க குடுத்த வாக்குமூலம் அப்படியே மேல போகும். இந்தம்மா என்ன சொன்னாலும் நீங்க ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான். சீலையும் பதிவேடுகளையும் நாளைக்கு ஒப்படைச்சுடுங்க" என்றார். சீல் சார் சரி என்றார். டைப்பம்மா சுவரைப் பார்த்தாள்.

மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார்கள். மெத்தைக்காரம்மா கட்டை விரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தாள். வெடிப்புகளில் மை இறங்காமல் வெள்ளை வெள்ளையாக விட்டுப்போய்விட்டது. ரேகையே தெரியவில்லை என்று ஊழியர் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். வைத்தாள்.

"கைநாட்டுக்கு அடையாளம் காட்ட ஒரு ஆள் வேணும்" என்றார் அதிகாரி. பெஞ்சின் கோடியைப் பார்த்தார், வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, தாளைச் சீல் சார் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு இவங்களைத் தெரியும்ல சார்? போடுங்க. இன்னிக்காவது ஆளைப் பாத்துப் போடுங்க."

சீல் சார் பேனாவை எடுத்தார். அவள் அவருக்கு எதிரே வந்து நின்று, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தை நன்றாக நிமிர்த்திக் காட்டினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் பார்த்தார். இந்தத் தடவை அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"பாத்துட்டீங்கல்ல சார்?" என்றாள். "போடுங்க."

சீல் சார் போட்டார்.